வெளிநாட்டுப் பயணத்தில் பணமா, கார்டா: காசு எங்கே கரைகிறது?

கேள்வி இதுதான். முதல் முறையாக வெளிநாடு போகிறீர்கள், இரண்டு மூன்று நாடுகளைச் சுற்றி வரத் திட்டம். ஒருவர் "எல்லாவற்றையும் பணமாக மாற்றி எடுத்துக்கொண்டு போ" என்கிறார். இன்னொருவர் "கார்டு ஒன்று இருந்தால் போதும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

நான் சொல்வது இப்படி. ஹோட்டல், பெரிய கடை, ரயில் டிக்கெட் மாதிரியான பெரிய செலவுகளுக்குக் கார்டு. சில்லறைச் செலவுகளுக்கு, போய் இறங்கிய நாட்டிலேயே வங்கி ஏடிஎம்மில் டெபிட் கார்டு போட்டு எடுத்த பணம். இரண்டும் கைவிட்டால் ஓரிரு நாள் சமாளிக்க, தொடாமல் வைத்திருக்கும் கொஞ்சம் டாலரோ யூரோவோ. எதை எவ்வளவு என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பணமானாலும் கார்டானாலும் பெரிய நஷ்டம் வருவது ஒரு நாணயம் இன்னொரு நாணயமாக மாறும் இடத்தில்தான். அங்கே யார் மாற்றுகிறார்கள், எந்த ரேட்டில் மாற்றுகிறார்கள் என்று கவனிக்கத் தெரிந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

விமான நிலையத்தில் பணம் மாற்றும் கவுன்டரைப் பாருங்கள். "கமிஷன் கிடையாது" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அதன் கீழே பலகையில் இரண்டு எண்கள் இருக்கும், வாங்கும் விலை, விற்கும் விலை. உண்மையான சந்தை விலை அந்த இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கும். ஒரு டாலரை 94-க்கு வாங்கி 106-க்கு விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சந்தை விலை சுமார் 100. நீங்கள் 100 டாலர் வாங்க 10,600 கொடுக்கிறீர்கள். பயணம் ரத்தாகி, அதே 100 டாலரைத் திருப்பிக் கொடுத்தால் 9,400 கிடைக்கும். எதையுமே செலவழிக்காமல் 1,200 போய்விட்டது. கமிஷன் என்ற பெயரில் யாரும் ஒரு பைசா வாங்கவில்லை, பலகையும் பொய் சொல்லவில்லை. ஆகவே எந்தக் கவுன்டரிலும் கமிஷனைக் கேட்காதீர்கள், அந்த இரண்டு எண்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். நகரத்துக்குள் போட்டி அதிகமுள்ள இடங்களில் இந்த இடைவெளி நன்றாகச் சுருங்கும். வேறு வழியில்லாதவர்கள் வந்து நிற்கும் விமான நிலையத்தில்தான் விரியும்.

கார்டில் என்ன நடக்கிறது? விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் நாள்தோறும் தங்களுக்கென ஒரு மாற்று விகிதம் வைத்திருக்கின்றன. அது மொத்தச் சந்தை விலைக்கு மிக நெருக்கமாக இருக்கும். அவர்களுடைய இணையதளத்திலேயே தேதியும் நாணயமும் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் உங்கள் கார்டைக் கொடுத்த வங்கி ஒரு கட்டணம் சேர்க்கும். சில கார்டுகளில் அது பூஜ்யம், பலவற்றில் 1 முதல் 3.5 சதவீதம் வரை. கிளம்பும் முன் வங்கியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "வெளிநாட்டு நாணயத்தில் செலவு செய்தால் எத்தனை சதவீதம் பிடிப்பீர்கள்?" 3.5 சதவீதம் பிடிக்கும் கார்டுகூட நான் மேலே சொன்ன மாதிரியான கவுன்டரைவிட மலிவுதான்.

சரி, கார்டு இவ்வளவு நல்லது என்றால் ஏமாற்றம் எங்கே வருகிறது? இதைத்தான் நான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

கார்டை மெஷினில் செருகியதும் திரையில் சில நேரம் ஒரு கேள்வி வரும். பில் 200 யூரோ என்றால், "200 யூரோவாகச் செலுத்துகிறீர்களா, அல்லது உங்கள் நாட்டு நாணயத்தில் இவ்வளவாகச் செலுத்துகிறீர்களா?" என்று கேட்கும். சொந்த நாணயத்தில் தொகையைப் பார்த்ததும் மனசுக்கு ஒரு தெம்பு வரும். எவ்வளவு போகிறது என்று உடனே தெரிகிறதே என்று பலரும் அதையே அழுத்திவிடுகிறார்கள். அழுத்திய அந்த நொடியில், நாணயத்தை மாற்றும் வேலை உங்கள் கார்டு நிறுவனத்தின் கையிலிருந்து அந்தக் கடையின் மெஷினுக்குப் பின்னால் இருக்கும் நிறுவனத்தின் கைக்குப் போய்விடுகிறது. அவர்கள் தங்களுக்கு வேண்டிய ரேட்டைப் போடுவார்கள். 4, 5 சதவீதம் கூடுதல் என்பது சர்வ சாதாரணம், சில ஏடிஎம்களில் 10 சதவீதத்தையும் தாண்டும். அந்தக் கூடுதலில் கடைக்கும் ஒரு பங்கு போவது உண்டு. இதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. கடை வெளிநாட்டில் இருப்பதால் சில வங்கிகள் தங்கள் கட்டணத்தையும் இதன் மேல் போடும். இரண்டு பக்கமும் அடி.

ஆகவே எந்த நாட்டில் நிற்கிறீர்களோ அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ஐரோப்பாவில் யூரோ, ஜப்பானில் யென், தாய்லாந்தில் பாட். இதற்கு விதிவிலக்கு தேட வேண்டிய அவசியமே வராது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நடக்கும் கார்டுப் பரிவர்த்தனைகளில், ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதலாக வைத்திருக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே காட்ட வேண்டும் என்று 2020 ஏப்ரலில் விதி அமலுக்கு வந்தது. விதி போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்கு இது பரவியிருந்தது என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

கேள்வி உங்கள் கண்ணில் படாமலே போவதும் உண்டு. ஒரு ஹோட்டலில் அறையைக் காலி செய்யும்போது, கவுன்டரில் இருந்தவர் மெஷினைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு அவராகவே ஒரு பொத்தானை அழுத்தி, பின் நம்பர் போட மட்டும் என் பக்கம் திருப்பினார். திரையில் என் நாட்டு நாணயத்தில் தொகை நின்றது. "இதை ரத்து செய்துவிட்டு உள்ளூர் நாணயத்தில் மறுபடி போடுங்கள்" என்றேன். மறுபேச்சில்லாமல் போட்டுக் கொடுத்தார். அவரைக் குறை சொல்லவில்லை, அப்படித்தான் பழக்கியிருப்பார்கள். ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமை கார்டு வைத்திருப்பவருடையது என்பது விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதியிலுமே இருக்கிறது. பின் நம்பர் போடும் முன், திரையில் தொகைக்குப் பக்கத்தில் எந்த நாணயத்தின் பெயர் இருக்கிறது என்று ஒரு நொடி பாருங்கள். ரசீது கைக்கு வந்த பிறகு கவனித்தாலும் அங்கேயே நின்று மாற்றச் சொல்லுங்கள். ஊர் திரும்பிய பிறகு இதை வாதாடி வாங்குவது மிகக் கடினம்.

ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், இன்னும் குழப்பமான வார்த்தைகளில். "இந்த மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா?" என்று கேட்டு, ஏற்கிறேன், மறுக்கிறேன் என்று இரண்டு பொத்தான்கள் காட்டும். மறுத்தால் பணமே வராதோ என்று பயந்து ஏற்றுக்கொள்கிறார்கள். பயப்பட வேண்டாம், மறுங்கள். நீங்கள் மறுப்பது அவர்களுடைய மாற்று விகிதத்தை மட்டும்தான். பணம் வரும், உங்கள் வங்கியின் ரேட்டில் கணக்கில் பற்று வைக்கப்படும்.

ஏடிஎம் பற்றியே இன்னும் கொஞ்சம். அங்கே மூன்று விதமாகக் காசு போகலாம்: மெஷின் வைத்திருப்பவரின் கட்டணம், உங்கள் வங்கியின் கட்டணம், நாணய மாற்றுக் கட்டணம். முதல் இரண்டும் பெரும்பாலும் தடவைக்கு இவ்வளவு என்ற கணக்கு. தாய்லாந்தில் வெளிநாட்டு கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் 220 பாட் என்று பல வருஷமாக வாங்கிவந்தார்கள், இப்போது அதற்கு மேலும் கேட்கிறார்கள். 1,000 பாட் எடுக்கிறவருக்கு அது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், 20,000 எடுக்கிறவருக்கு ஒரு சதவீதத்தை ஒட்டி. அதனால் ஏடிஎம் பக்கம் அடிக்கடி போகாமல், போகும்போது கொஞ்சம் பெரிய தொகையாக எடுங்கள். வங்கிக் கிளையோடு ஒட்டிய மெஷினை, வங்கி திறந்திருக்கும் நேரத்தில் பயன்படுத்துங்கள். கார்டை விழுங்கிவிட்டால் உள்ளே போய்க் கேட்க ஆள் இருப்பார். சுற்றுலாத் தெருவில், பரிசுப் பொருள் கடைகளுக்கு நடுவே, எந்த வங்கியின் பெயரும் இல்லாமல் பளபளவென்று நிற்கும் மெஷின்களைத் தாண்டிப் போய்விடுவது நல்லது.

கிரெடிட் கார்டில் மட்டும் பணம் எடுக்காதீர்கள். கடையில் தேய்த்தால் கிடைக்கும் வட்டியில்லாக் காலம் இதற்குக் கிடையாது. பெரும்பாலான கார்டுகளில் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், தனியாக ஒரு கட்டணமும் உண்டு. கடைக்குக் கிரெடிட் கார்டு, ஏடிஎம்முக்கு டெபிட் கார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு சின்ன விஷயம், மெஷினில் 200 என்று கேட்டால் நூறு நூறாகவோ ஐம்பது ஐம்பதாகவோ தரும், 190 என்று கேட்டுப் பாருங்கள். பஸ்ஸுக்கும் பொதுக் கழிப்பறைக்கும் சில்லறை நோட்டு கைக்கு வரும்.

டெபிட் கார்டைக் கடைகளில் நான் அதிகம் நீட்டாததற்கு இன்னொரு காரணம் உண்டு. ஹோட்டலும் வாடகைக் கார் நிறுவனமும் நீங்கள் வந்ததும் கார்டில் ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள். அது செலவு இல்லை, ஒரு மாதிரி முன்பணம். கிரெடிட் கார்டு என்றால் உங்கள் வரம்பில் அந்த அளவு குறையும், அவ்வளவுதான். டெபிட் கார்டு என்றால் கணக்கில் இருக்கும் உங்கள் சொந்தப் பணமே முடங்கும், விடுவிக்கப் பல நாள் ஆகலாம். பயணத்தின் நடுவில் கையிருப்பு முடங்குவது பெரிய தொல்லை. கார் வாடகைக்கு எடுக்கிறவர்கள் இதையும் பாருங்கள்: ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் கேட்கும். முன்கூட்டியே பணம் ஏற்றும் ஃபாரெக்ஸ் கார்டை அவர்கள் ஏற்காமல் போகலாம். ஃபாரெக்ஸ் கார்டு மோசமில்லை, ரேட் முன்பே தெரிந்துவிடுகிறது. ஆனால் ஏற்றாத நாணயத்தில் செலவு செய்தால் கட்டணம், மீதியைத் திரும்ப எடுக்கக் கட்டணம், நாள் கணக்கில் சும்மா வைத்திருந்தாலும் சிலவற்றில் கட்டணம். அந்த அட்டவணையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இனி நாடுகள். கார்டு செல்லுமா என்பதை அந்த நாடு பணக்கார நாடா இல்லையா என்று பார்த்து முடிவு செய்ய முடியாது. ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-இல் அங்கே நடந்த கட்டணங்களில் எண்ணிக்கைப்படி பாதிக்குச் சற்று மேல் ரொக்கமாகவே நடந்ததாக அந்நாட்டு மத்திய வங்கியான புண்டஸ்பாங்கின் ஆய்வு சொல்கிறது. அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. "கார்டு வாங்குவோம்" என்று கடைக்காரர் சொன்னாலும், அவர் மனதில் இருப்பது ஜிரோகார்டு என்ற உள்நாட்டுக் கார்டாக இருக்கலாம். உங்கள் கார்டைப் பார்த்ததும் செல்லாது என்று சொல்லிவிடுவார். சாப்பிட உட்காரும் முன் கார்டைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். ஜப்பானிலும் பெருநகரங்களில் கார்டு தாராளமாகச் செல்லும், சின்ன உணவகம், கோவில் நுழைவுச் சீட்டு, கிராமப்புற விடுதி என்று வந்தால் ரொக்கம்தான். நல்லவேளையாக அங்கே செவன்-இலெவன் கடைகளிலும் தபால் நிலையங்களிலும் இருக்கும் ஏடிஎம்கள் வெளிநாட்டு கார்டை ஏற்கும்.

நேர் எதிர்ப்பக்கம் ஸ்வீடன். ரொக்கம் வாங்குவதில்லை என்று எழுதிப்போட்ட கடைகள் அங்கே சகஜம். லண்டன் பஸ்களில் 2014 ஜூலை முதல் காசு வாங்குவதே இல்லை. கார்டைத் தட்டிவிட்டு ஏறிக்கொள்ளலாம், ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிப்பதில்லை என்ற உச்சவரம்பும் தானாகக் கணக்காகும். ஆனால் காலையில் பிளாஸ்டிக் கார்டு, மாலையில் அதே கார்டைப் போனில் வைத்துத் தட்டினால் அது இரண்டு பேராகக் கணக்காகிவிடும். ஒரு நாள் முழுக்க ஒன்றையே பயன்படுத்துங்கள்.

சீனா தனி உலகம். அங்கே பலரும் கார்டையும் நீட்டுவதில்லை, பணத்தையும் நீட்டுவதில்லை, அலிபே அல்லது வீசாட் பேயில் க்யூஆர் கோடு. 2023 முதல் வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை இந்தச் செயலிகளில் பரவலாக இணைக்க முடிகிறது. 200 யுவானுக்கு உட்பட்ட தொகைக்குக் கட்டணம் இல்லை, அதற்கு மேல் 3 சதவீதம். ஆகவே பெரிய பில்லைத் துண்டு துண்டாகச் செலுத்த விடுகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். செயலியை விமானம் ஏறும் முன்பே நிறுவி, அடையாளச் சரிபார்ப்பை முடித்துவிடுங்கள்.

கார்டு அறவே செல்லாத நாடுகளும் உண்டு. பொருளாதாரத் தடைகளின் காரணமாக ஈரானில் விசாவும் மாஸ்டர்கார்டும் இயங்குவதில்லை. ரஷ்யாவில் 2022 மார்ச்சில் இரண்டும் சேவையை நிறுத்தின, வெளிநாட்டில் வாங்கிய அந்த அட்டைகள் அங்கே வேலை செய்யாது. அங்கெல்லாம் மொத்தப் பயணச் செலவையும் ரொக்கமாகத்தான் கொண்டுபோக வேண்டும்.

அதிகாரபூர்வ ரேட் ஒன்று, தெரு ரேட் இன்னொன்று என்று ஓடும் நாடுகளில் கணக்கே தலைகீழாகும். அர்ஜென்டினாவில் 2022 இறுதி வரை வெளிநாட்டுக் கார்டுச் செலவு அதிகாரபூர்வ விகிதத்தில்தான் மாறியது. டாலர் நோட்டு வைத்திருந்தவருக்கோ ஏறக்குறைய இரண்டு மடங்கு பேசோ கிடைத்தது. கார்டு வைத்திருந்தவர் ஒரே சாப்பாட்டுக்கு இரட்டை விலை கொடுத்த மாதிரி. பிறகு சுற்றுலாப் பயணிகளின் கார்டுக்குத் தனி விகிதம் கொண்டுவந்து இந்த இடைவெளியைக் குறைத்தார்கள். இப்படிப்பட்ட நாட்டுக்குப் போவதாக இருந்தால், போகும் மாதத்தில் நிலைமை என்ன என்று புதிதாகப் பாருங்கள், போன வருஷம் போய்வந்தவர் சொல்வது போதாது. தெருவில் மாற்றுவதில் கள்ள நோட்டு ஆபத்தும் சட்டச் சிக்கலும் உண்டு என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ரிசர்வ் பணம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2025 ஏப்ரல் 28-ஐ நினைவுபடுத்துவேன். ஸ்பெயின், போர்ச்சுகல் இரண்டு நாடுகளிலும் பட்டப்பகலில் மின்சாரம் மொத்தமாகப் போனது. கார்டு மெஷின் ஓடவில்லை, ஏடிஎம் ஓடவில்லை, செல்போன் சிக்னலும் தடுமாறியது. ரயில்கள் நின்றன. தண்ணீரும் ரொட்டியும் வாங்க, டாக்ஸி பிடிக்க, கையில் நோட்டு வைத்திருந்தவர்களால்தான் முடிந்தது. அடுத்த மாதமே நெதர்லாந்து மத்திய வங்கி, பெரியவர் ஒருவருக்கு 70 யூரோ, குழந்தைக்கு 30 யூரோ வீட்டில் ரொக்கமாக இருக்கட்டும் என்று மக்களுக்கு ஆலோசனை சொன்னது. சொந்த நாட்டில் இருப்பவருக்கே இது தேவை என்றால், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஊரில் நிற்பவருக்கு எவ்வளவு தேவை என்று பாருங்கள். ஓரிரு நாள் சாப்பாடு, தங்குமிடம், விமான நிலையம் வரை டாக்ஸி, இவ்வளவுக்கும் போதுமான தொகையை உள்ளூர் நோட்டாகப் பாதி, டாலரோ யூரோவோ பாதி என்று, பர்ஸில் வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள்.

அந்த டாலர் நோட்டுகள் புத்தம் புதிதாக இருக்கட்டும். எவ்வளவு பழைய டாலரும் அமெரிக்காவில் செல்லும், ஆனால் மற்ற நாடுகளில் பணம் மாற்றுகிறவர்கள் கிழிந்தது, மடிந்தது, பேனாக் கீறல் பட்டது, பழைய சீரிஸ் என்று திருப்பித் தந்துவிடுவார்கள். உறவினர் யாராவது அலமாரியில் கிடந்த பவுண்டைக் கொடுத்தால் கவனமாகப் பாருங்கள். பிரிட்டனில் காகித 20, 50 பவுண்டு நோட்டுகள் 2022 செப்டம்பர் 30-க்குப் பிறகு கடைகளில் செல்லாது, பாங்க் ஆஃப் இங்கிலாந்தில் மாற்றிக்கொள்ளலாம். பெரிய தொகையாகக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 10,000 யூரோ அல்லது அதற்கு மேல் வைத்துக்கொண்டு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழைந்தாலும், 10,000 டாலருக்கு மேல் வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குள் நுழைந்தாலும் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். கொண்டுபோவது குற்றமில்லை, சொல்லாமல் போவதுதான் குற்றம்.

கார்டு இரண்டு வேண்டும், வெவ்வேறு வங்கி, வெவ்வேறு நிறுவனம், வெவ்வேறு பை. ஒன்று பர்ஸில் இருந்தால் மற்றது அறையில். கார்டைத் தடை செய்யும் வங்கி எண்ணைப் போனில் மட்டும் வைக்காதீர்கள், பர்ஸும் போனும் சேர்ந்தே தொலைவதுதான் வழக்கம். ஒரு தாளிலும் எழுதி வையுங்கள். அப்புறம் ஓடிபி. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஆன்லைனில் ரயில் டிக்கெட் எடுக்கும்போது வங்கியின் எஸ்எம்எஸ் உங்கள் பழைய எண்ணுக்குத்தான் போகும். உள்ளூர் சிம் போடுவதற்காக அதைக் கழற்றி வைத்திருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். ரோமிங்கில் எஸ்எம்எஸ் வருகிறதா என்று கிளம்பும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட வேண்டுமென்றால் அதையும் அப்போதே செய்துவிடுங்கள்.

பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது முதல் இரண்டு நாள் நிதானமாக இருங்கள். வியட்நாமின் 20,000 டாங் நோட்டும் 500,000 டாங் நோட்டும் இரண்டுமே நீல நிறச் சாயல்தான், மங்கிய வெளிச்சத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றதைக் கொடுத்தால் 25 மடங்கு கொடுத்ததாகும். பெரிய நோட்டுகளைத் தனியாக வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது. ஐரோப்பாவில் பல நாடுகளில் தசமத்துக்குக் காற்புள்ளி போடுவார்கள், ஆயிரத்துக்குத்தான் புள்ளி. குவைத் தினாருக்குத் தசமத்துக்குப் பின் மூன்று இலக்கம். மெஷினில் தொகையைப் படிக்கும்போது இதெல்லாம் மனதில் இருக்கட்டும்.

திரும்பும் நேரத்தில் கையில் மிஞ்சும் சில்லறைக் காசுகளை எந்தக் கவுன்டரும் பெரும்பாலும் மாற்றித் தராது. துனீசிய தினார் போன்ற சில நாணயங்களை, நோட்டானாலும் காசானாலும், நாட்டைவிட்டு வெளியே கொண்டுவரவே அனுமதி இல்லை. கடைசி நாள் ஹோட்டல் பில்லில் மீதியுள்ள ரொக்கத்தை எல்லாம் கொடுத்துவிட்டு, பாக்கியை மட்டும் கார்டில் போடச் சொல்லுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ரசீதுகளைத் தூக்கிப் போட வேண்டாம். ஊர் திரும்பி ஒரு மாதம் வரை கார்டுக் கணக்கைப் பாருங்கள். ஹோட்டல் முடக்கிய தொகை விடுபட்டதா, ஒரே பில் இரண்டு முறை ஏறியிருக்கிறதா, அமெரிக்க உணவகம் என்றால் நீங்கள் எழுதிய டிப்ஸ் தொகைதான் சேர்ந்திருக்கிறதா என்று ரசீதோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஏதாவது இடித்தால் தாமதிக்காமல் வங்கிக்கு எழுதுங்கள்.